நான்கு கேள்விகளும் ஒரு கல்வெட்டும்

அத்தியாயம் 17

போன கிழமை பிரசாந்தியை நாங்கள் விட்டுவந்த இடம் ஞாபகமிருக்கும். ஆறு சேலைகளை மடித்து, மகள் ஆரபி பாவித்துக் கழித்த நீலப் பைக்குள் வைத்து, அந்தப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். இணுவிலில் அந்த வீட்டில் இருபத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு ஆறு சேலை போதுமா என்று கேட்காதீர்கள். அவள் கணக்கில் அது போகிற அளவுக்குப் போதும். திரும்பி வருகிற அளவுக்கும் போதும்.

விடிந்தது செவ்வாய்க்கிழமை. கிளினிக் நாள்.

ஒன்பது மாதமாக அவள் கணவர் சுபாஸ்கரன் விறாந்தையில் படுக்கிறார். தேநீர் கொண்டுபோய் வைத்தால் தேநீரைப் பார்ப்பார், வைத்தவளைப் பார்க்க மாட்டார். கதவு அடித்துச் சாத்தினால் துள்ளி எழும்புவார். அவள் தாய் கமலாவதி செத்து முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் தொடங்கியது இது. பிரசாந்தி அதற்குத் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அம்மா உயிரோடு இருக்கும்வரை மாமியாருக்காக மரியாதை காட்டினார். இனி யாருக்காகக் காட்ட வேண்டும்?

இதை உரும்பிராயில் இருக்கும் அக்கா சிவகௌரியிடம் சொல்லி அழுதபோது, பின் அறை சும்மாதான் கிடக்கிறது, வா என்று அக்கா சொல்லிவிட்டாள். பேராதனையில் படிக்கும் ஆரபிதான் தொலைபேசியில் குறுக்கே நின்றாள். போவதற்கு முதல் ஒரே ஒருதரம் அப்பாவை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினாள்.

"வருத்தமெண்டால் நிப்பன்," என்று பிரசாந்தி அக்காவிடம் சொல்லியிருந்தாள். "வருத்தமில்லையெண்டால் அது மனம் மாறினது. அதுக்கு நான் என்ன செய்ய? செவ்வாய் பின்னேரம் வாறன்."

ஆக, நோயா இல்லையா என்பதோடு பையின் முடிவும் இன்றைக்கு டொக்டரின் வாயில் இருந்தது.

சுபாஸ்கரன் மறுப்பார் என்றுதான் நினைத்தாள். அவரோ பேசாமல் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். பின்னால் ஏறி இருந்தவளுக்கும் அவர் முதுகுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. சோளகக் காற்று இரண்டு பேரின் உடுப்பையும் ஒரே பக்கமாக இழுத்தது. காற்றுக்கு அந்த ஒரு சாண் தெரியாது.

ஒருகாலத்தில் இதே வீதியில் சைக்கிள் பாரில் இருந்து போனவள் அவள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் கிடைத்தால் அது கொண்டாட்டம். ஜாம் போத்தலுக்குள் விரலளவு எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து எரிக்கிற விளக்கின் வெளிச்சத்தில்தான் ஊரே படித்தது, சாப்பிட்டது, காதலித்தது. பிரசாந்தியின் அண்ணன் அருட்செல்வன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவான். டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். அதைக் கேட்க வருகிற சாட்டில் அவனுடைய சிநேகிதன் சுபாஸ்கரன் ஒவ்வொரு பின்னேரமும் வந்துவிடுவார். அப்போது அவர் இருபத்தைந்து வயது வாத்தியார். அவளுக்கு இருபது.

பாட்டின் நல்ல இடம் வரும்போது பார்த்து அருட்செல்வன் கையை நிறுத்துவான். றேடியோ முனகிச் சாகும்.

"எனக்குக் கை உளையுது. பாட்டு வேணுமெண்டால் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு இருங்கோ, நான் தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று எழும்பிப் போவான். கிணற்றடிக்குப் போனவன் அரை மணித்தியாலம் வரமாட்டான்.

அப்படி ஒரு அரை மணித்தியாலத்தில்தான் சுபாஸ்கரன் அவளுக்கென்று ஒரு வெண்பா எழுத வெளிக்கிட்டு, மூன்றாம் அடியில் மாட்டுப்பட்டு, "உம்மடை பேர் வெண்பாவுக்குள்ளை அடங்காதாம்," என்றார். அவள் சிரித்த சிரிப்பில் ஜாம் போத்தல் விளக்கு அணைந்துவிட்டது.

அந்த மனிதரின் முதுகுதான் இது. ஆஸ்பத்திரி வாசல் வந்தது.

கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் பாஷையூரில் இருந்து வந்த லூர்த்தம்மா என்ற மனுசி இருந்தா. மடியில் மருந்துப் பை, வாயில் வெற்றிலை. கேட்காமலே கதை சொல்லுகிற இனம்.

"புது ஆக்களோ? உள்ளுக்குப் போனால் அந்த டொக்டர்ப் பிள்ளை கேக்கும், என்ன நடந்தது எண்டு. நான் சொன்னன், மோனை, எதை முதல்லை சொல்ல, திகதிப்படியோ, ஊர்ப்படியோ?"

பிரசாந்திக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் பார்த்தாள். அவர் முகத்திலும் அரைச் சிரிப்பு. ஒன்பது மாதத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல்தரம்.

டொக்டர் டிலக்ஷிக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். நித்திரை, கனவு, திடுக்கிடுதல், சனத்தை விட்டு விலகுதல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தா. எல்லாவற்றுக்கும் ஓம் என்ற பதில்தான் வந்தது. சிலதற்குச் சுபாஸ்கரன் சொன்னார், சிலதற்குப் பிரசாந்தி சொன்னாள். பிறகு பேனையை மேசையில் வைத்தா.

"மிச்சமெல்லாம் இருக்கு, ஐயா. தொடக்கம்தான் இல்லை. இந்த வருத்தத்தை நாங்கள் மனவடு நோய் எண்டு சொல்லுறனாங்கள். அந்தப் பேரை எழுதிறதெண்டால் முதல்லை ஒரு சம்பவம் இருக்க வேணும். எல்லாக் கவலையும் அதிலை சேராது. சாவு, சாவு வந்து முகத்தில முட்டின மாதிரி ஒரு ஆபத்து, பெரிய காயம், உடம்பை அழிச்ச வன்கொடுமை. அது ஒருத்தரிட்டை நாலு வழியாலை வரலாம். நாலையும் கேக்கிறன்."

முதலாவது, உங்களுக்கே நடந்ததா என்பது.

"எல்லாருக்கும் நடந்ததுதான், பிள்ளை," என்றார் சுபாஸ்கரன்.

எங்கள் ஊரில் இப்படித்தான் பதில் வரும். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் செத்திருந்தால் ஒருவரை இழந்தவர் தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பார். காலை இழந்தவர், உயிர் இருக்கிறதுதானே என்று வெட்கப்படுவார். நடந்ததை அடுத்தவரோடு அளந்து பார்த்து, அளவு காணாது என்று மடித்து உள்ளே வைத்துவிடுகிற பழக்கம்.

"எல்லாருக்கும் நடந்தால் உங்களுக்கு நடக்கேல்லையோ?" என்று டொக்டர் கேட்டா.

அவர் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வைச் சொன்னார். நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் ஓர் இரவும் ஒரு பகலும் நகராமல் நின்ற சனக் கூட்டத்தைச் சொன்னார். பக்கத்தில் விழுந்த ஷெல்லையும் சொன்னார். அது கனவில் வருகிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார்.

"அதை நினைச்சா எனக்குச் சிரிப்புத்தான் வரும். இவ ஒரு கையிலை செருப்பு, மற்றக் கையிலை கோழி. கோழியை விடும் எண்டால் விடமாட்டா. இவவின்ரை தமையன் அந்தக் கோழிக்குக் குடை பிடிச்சுக்கொண்டு வாறான்."

அவர் அதைச் சொல்லும்போது குரல் இருபத்தேழு வயதுக் குரலாக இருந்தது. அந்தக் கோழி சாவகச்சேரியில், பெயருக்கு நடந்த அவர்களின் கல்யாணம் முடிந்தும் முட்டை இட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது, கண்ணால் கண்டதா என்பது. கண்டிருக்கிறேன், ஆர் காணவில்லை, ஆனால் அதுவும் கனவில் வருவதில்லை என்றார்.

மூன்றாவது, நெருங்கிய உறவுக்கோ சிநேகிதருக்கோ அகாலமாக நடந்து, அதை நீங்கள் அறிய வந்ததா.

"இல்லை," என்றார் உடனே.

பிரசாந்தியால் பேசாமல் இருக்க முடியவில்லை. தன் அண்ணன் அருட்செல்வன் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்தவர் என்றும், இரண்டாயிரத்து ஒன்பதில் கடைசிச் சண்டைக்குள் இடம்பெயர்ந்த சனத்தோடு போனவர் போனவர்தான் என்றும் சொன்னாள். இவருக்கும் அவர் உயிர்ச் சிநேகிதர் என்றாள்.

"என்ன நடந்தது எண்டு ஏதாவது அறிஞ்சியளோ, அம்மா?"

"பதினாறு வருசமா ஒரு சொல்லுக் கிடைக்கேல்லை. அக்கா இப்பவும் படத்தை வைச்சுக்கொண்டு காணாமல் போனவைக்கான போராட்டக் கொட்டிலிலை போய் இருக்கிறவ. அம்மா கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வைச்சவ."

டொக்டர் பேனையை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தா. நடந்தது இன்னதென்று அறிந்தால்தான் இந்தக் கேள்விக்கு ஓம் என்று எழுதலாம். இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத ஆட்களுக்கு இந்தப் படிவத்தில் இடம் ஒதுக்கவில்லை என்றா. எழுதினவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று மெல்லச் சேர்த்துச் சொன்னா. சுபாஸ்கரன் யன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கனவிலை என்னதான் வருது, ஐயா?"

"நான் போகாத இடங்கள்," என்றார் அவர். "நான் ஒருநாளும் காணாத பங்கர். காணாத கடற்கரை. ஆக்களின்ரை முகம் மட்டும் வடிவாத் தெரியும்."

டொக்டர் நிமிர்ந்து இருந்தா. நான்காவது கேள்வி தொழில் சம்பந்தப்பட்டது. மற்றவர்களுக்கு நடந்த கொடூரத்தின் விபரத்தை வேலை காரணமாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிறவர்களுக்கானது. ரீவியிலும் போனிலும் பார்க்கிறது இதில் அடங்காது. சிதறிய உடல்களைப் பொறுக்கி எடுக்கிறவர்கள், சிறுபிள்ளைகளுக்கு நடந்ததை நாள்முழுக்க விசாரிக்கிற பொலிஸ்காரர் போன்ற ஆட்களை நினைத்து எழுதியது.

"உங்கடை தொழில்?"

"தமிழ் வாத்தியார்."

"பள்ளிக்கூடத்திலை அப்பிடி ஏதாவது?"

"வெண்பாவாலை செத்த பிள்ளையள் ஒருத்தருமில்லை, பிள்ளை."

டொக்டர் சிரித்துவிட்டா. பிரசாந்தி சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் ஏதோ ஒன்று திறந்தது.

"டொக்டர், இவர் கல்வெட்டு எழுதிறவர்."

செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது. செத்தவரின் படம், வாழ்க்கை, வம்சம், செத்த திதியைச் சொல்லும் வெண்பா, பிள்ளைகள் புலம்புவதாக நாலு பாட்டு. அதை எழுதுகிறவர் செத்தவீட்டுக்குப் போய் ஒரு கதிரையில் இருந்து, கொப்பியை விரித்து, எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். சுபாஸ்கரன் முப்பது வருடமாக அப்படிக் கதிரையில் இருந்தவர். நானூறு கல்வெட்டாவது எழுதியிருப்பார். அவற்றில் பாதி கிழடுபட்டுச் செத்தவர்களுடையது அல்ல. தாய்மார் சொல்லச் சொல்ல, ஒன்றும் விடாமல் கேட்பார். நாலு வரிப் பாட்டுக்கு அவ்வளவும் தேவையில்லை. ஆனாலும் கேட்பார். இடையில் எழும்புவது மரியாதையில்லை.

"அது உங்கடை தொழிலோ, ஐயா?"

சுபாஸ்கரனுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "தொழில் எண்டு சொல்லாதேங்கோ. செத்தவீட்டிலை ஆரும் தொழில் செய்வினமோ? வந்து கேப்பினம், போறது. அவைக்கு நடந்தது. நான் கொப்பியோடை இருந்தனான், அவ்வளவுதான். இதைப் போய் வருத்தம் எண்டால் அந்தத் தாய்மாருக்கு என்ன சொல்லுறது?"

டொக்டர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மெதுவாகச் சொன்னா. "வரம்பு ஒண்டு போடாட்டில் இந்த ஊரிலை எல்லாருக்கும் ஒரே பேரை எழுதிப்போட்டு நான் வீட்டை போகலாம். அதாலை வரம்பு வேணும். சம்பளம் இல்லாத கடமையும் தொழிலிலை சேருமோ எண்டு வெள்ளிக்கிழமை பெரிய டொக்டரிட்டைக் கேக்கிறன். என்னைக் கேட்டால் சேரும். வரம்புக்கு வெளியிலை நிண்டாலும் உங்களுக்கு நித்திரை வேணும்தானே, அதுக்கான வேலையை இண்டைக்கே தொடங்கலாம்."

பிரசாந்தி கதிரையின் விளிம்புக்கு வந்தாள். "அப்ப இது வருத்தமோ, இல்லையோ? எனக்கு இண்டைக்குத் தெரிய வேணும், டொக்டர்."

ஏன் இன்றைக்கு என்று டொக்டர் கேட்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தா. வெள்ளிக்கிழமைக்கு முதல் பெயர் எழுத முடியாது என்றா. சுபாஸ்கரனிடம் ஒரு வெறும் தாளைக் கொடுத்து, கேட்ட கதைகளில் எது விடாமல் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னா.

வெளியே வந்தபோது மத்தியானம் திரும்பியிருந்தது. வீட்டுக்குப் போனால் பை. பின்னேரம் ஆறு மணிக்கு உரும்பிராய் பஸ். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். மோட்டார் சைக்கிளில் ஏறப் போனவள், ஐஸ்கிறீம் குடிப்போமா என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. சாவகச்சேரியில் இருந்து திரும்பி வந்த வருடம், சுபாஸ்கரன் முதல்முதல் அவளைப் பகிரங்கமாகக் கூட்டிக்கொண்டு போனது நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீம் கடைக்குத்தான்.

கடை இப்போது கண்ணாடியும் நிறமுமாக மாறியிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பெட்டையள் ஒரு மேசையைச் சுற்றி நிறைந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மூலையில் இருந்தார்கள். அந்தக் காலத்து றோஸ் நிற ஐஸ்கிறீம் இப்போதும் இருந்தது. அவர் தாளை மேசையில் விரித்துப் பேனையைத் திறந்தார். நானூறு கல்வெட்டு எழுதிய கை ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. கிண்ணத்தில் ஐஸ்கிறீம் உருகியது.

பிரசாந்தி பேனையை வாங்கினாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அவரோடு எத்தனையோ செத்தவீட்டுக்குப் போயிருக்கிறாள். என்ன ஒழுங்கில் கேட்பார் என்று தெரியும். பெயரில் தொடங்குவார்.

"சொல்லுங்கோ. செத்தவரின்ரை பேர்?"

அவர் உருகிய கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ஊர்?"

"இணுவில்," என்றார் சுபாஸ்கரன்.

இணுவிலில் அவர் எழுதிய கல்வெட்டுகளை மனதுக்குள் அவள் தேடினாள். "இஞ்சை ஆர்? எனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

"பிரசாந்தி." அவர் உள்ளங்கையால் மேசையை அழுத்திப் பிடித்தார். "மாமியின்ரை கல்வெட்டிலை நான் ஒரு சொல்லுப் போடாமல் விட்டனான்."

அம்மாவின் கல்வெட்டு அவளுக்கு மனப்பாடம். அருட்செல்வன், சிவகௌரி, பிரசாந்தி ஆகியோரின் பாசமிகு தாயாரும் என்று மூன்றாம் பக்கத்தில் வரும். அதில் எந்தச் சொல் குறைகிறது?

"எங்கை போட வேண்டிய சொல்லு?"

"அருளின்ரை பேருக்கு முன்னாலை."

எங்கள் ஊர்க் கல்வெட்டுகளில், வம்சத்தைச் சொல்லும் இடத்தில், உயிரோடு இல்லாதவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவார்கள். வேறு எதுவும் போடுவதில்லை. அதைப் போட்டால் ஆள் இல்லை. போடாவிட்டால் எங்கேயோ இருக்கிறார்.

பெட்டையளின் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பிரசாந்தி கையில் பேனையோடு இருந்தாள்.

"எப்ப தெரியும்?"

"பதின்மூண்டு வருசம். மட்டுவிலிலை ஒரு தாய் தன்ரை மகனுக்கு மூண்டு வருசம் பிந்திக் கல்வெட்டு எழுதக் கூப்பிட்டவ. மகனோடை ஒரே பங்கருக்குள்ளை செத்துக் கிடந்தவன் எண்டு அருளின்ரை பேரும் சொன்னா, ஊரும் சொன்னா. அந்த மனுசி கண்ணாலை கண்டது. திகதியும் சொன்னா. நான் எழும்பி ஓடியிருக்க வேணும். கொப்பியிலை அவவின்ரை பிள்ளைக்குத் திதி எழுதினன். அதே திதிதான் இவனுக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டு எழுதினன்."

"ஏன் சொல்லேல்லை?"

"மாமி சோறு எடுத்து வைச்சவ. நான் என்னண்டு சொல்ல? மாமி போனாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பேந்து மாமியின்ரை கல்வெட்டை எழுத இருந்தால், கை தானாப் போய் அந்தச் சொல்லை எழுதிப்போட்டுது. வெட்டிப்போட்டன். அண்டையிலை இருந்துதான் நித்திரை இல்லை."

"அதுக்கு ஏன் என்னைப் பாக்காமல் திரிஞ்சியள்?" அவள் குரல் உடைந்தது. "நான் என்னவெல்லாம் நினைச்சன்."

"உம்மட்டை அவன்ரை கண் இருக்கு," என்றார் சுபாஸ்கரன். "எப்பிடிப் பாக்கிறது?"

இப்போது பார்த்தார். ஒன்பது மாதம் தேநீரையும் தரையையும் யன்னலையும் பார்த்த கண்கள் நேரே அவள் முகத்துக்கு வந்தன. வந்து, அங்கேயே நின்றன. அவளுக்கு அழுகை வந்த அதே கணத்தில், சொல்ல வெட்கமான ஒரு நிம்மதியும் வந்தது. இவர் மாறவில்லை. அண்ணை இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் எப்படி வாங்குவது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை டொக்டர் சிநேகிதரைப் பற்றிய அந்த மூன்றாம் கேள்விக்குப் பக்கத்தில் ஓம் என்று எழுதுவா என்பது இனி அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பெட்டையள் எழும்பிப் போய்விட்டார்கள். கடைக்காரப் பிள்ளை வந்து உருகிய கிண்ணங்களைப் பார்த்து, எடுக்கலாமா என்று கேட்க வாய் திறந்து, கேட்காமல் திரும்பிப் போனாள்.

பிரசாந்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தொலைபேசியை எடுத்து அக்காவின் இலக்கத்தை அழுத்தினாள். ஒரே மணியில் சிவகௌரி எடுத்துவிட்டாள். காத்திருந்திருக்கிறாள்.

"என்னடி, டொக்டர் என்ன சொன்னவர்? பின் அறையைக் கூட்டித் துடைச்சு வைச்சிருக்கிறன். ஆறு மணி பஸ்ஸுக்கோ வாறாய்?"

அக்காவின் குரலுக்குப் பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. சிவகௌரி வீட்டில் இல்லை. அண்ணையின் படத்தோடு கொட்டிலில் இருக்கிறாள்.

பிரசாந்தி கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

"அக்கா, நான் தனிய வரேல்லை," என்றாள். "நாங்கள் ரெண்டு பேரும் வாறம். நீங்கள் அங்கை இருந்து எழும்பி வீட்டை வாங்கோ. அண்ணையின்ரை படத்தையும் கொண்டு வாங்கோ."